மாப்பிள்ளை தெரிவு செய்த மலை

எங்கள் சமூகத்தில் ஒரு மனிதனை முழு முட்டாளாக்குவதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அவனுக்குக் கலியாணம் செய்துவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினால் போதும். ஒரு வருடத்தில் ஆள் முடிந்துவிடுவான். நான் ஆறு மாதத்திலேயே முடிந்துபோனேன்.

என் மாமனார் வீடு லண்டனில், ரெய்னர்ஸ் லேனில். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. நான் வாயைத் திறந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். நான் சொன்ன பகிடிக்கு மாமா இரண்டு தடவை சிரிப்பார். ஒன்று சொன்னவுடன், மற்றது விளங்கிய பிறகு. என் மனைவி தாரணி எப்போதாவது மறுத்துப் பேச வெளிக்கிட்டால், மாமி உடனே அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுவிடுவார். அங்கே அடுப்பில் எப்போதும் ஏதோ ஒன்று பொங்கி வழிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கத் தாரணியால் மட்டுமே முடியும்.

ஒருமுறை மாமாவையும் மாமியையும் காரில் ஏற்றிக்கொண்டு சட்டன் என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனேன். லண்டனைச் சுற்றிப் போகும் பெருந்தெருவில் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்பிவிட்டேன். அதாவது, ஊரின் காற்பங்கைச் சுற்றிப் போகவேண்டிய இடத்துக்கு முக்காற்பங்கைச் சுற்றிப் போனேன். பின்சீற்றிலிருந்த இருவருக்கும் முதல் ஐந்து நிமிடத்திலேயே விளங்கியிருக்கும். அவர்கள் முப்பது வருடமாக அந்தத் தெருவில் ஓடுகிறவர்கள். தேம்ஸ் ஆற்றின் பெரிய பாலத்தில் கார் ஏறியபோது மாமா வெளியே எட்டிப் பார்த்து, "நல்ல வடிவான பாலம்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேக் வெட்டி முடிந்து, பலூன்களும் சுருங்கியிருந்தன. ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்று கேட்டவர்களுக்கு மாமி, "றோட்டில சரியான சனம்" என்று பதில் சொன்னார்.

இப்படி வளர்க்கப்பட்ட ஒருவன் தன்னை அறிவாளி என்று நினைக்காமல் வேறு என்ன செய்வான்? (தாரணியைக் கேட்டால், "கலியாணத்துக்கு முதலும் அப்பிடித்தான் நினைச்சவர்" என்பாள். அதை விடுங்கள்.)

தாரணியின் அண்ணன் பெயர் சேந்தன். எனக்கு மச்சான். என்னைவிட நாலு வயது மூத்தவர், மோர்டனில் பல் வைத்தியர். பேச்சு மிகக் குறைவு. நாள் முழுக்க வாயைத் திறந்துவைத்திருக்கும் ஆட்களோடு இருப்பவருக்குப் பதில் எதிர்பார்க்கும் பழக்கமே விட்டுப்போயிருக்க வேண்டும். இந்த அமைதியான மனிதருக்கு ஒரு விசித்திரமான பைத்தியம் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு, பிரான்சில் அல்ப்ஸ் மலைக்குப் போய்ப் பனியில் ஏறுவார். வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. ஆனால் அவர் யாரிடமும் அதைப்பற்றிப் பேசாததால், பிடிக்கவில்லை என்று சொல்லவும் ஒருவருக்கும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அந்த வருடம் அவரோடு வழமையாகப் போகும் நண்பருக்கு முழங்காலில் ஒப்பரேசன். ஞாயிறு மத்தியானம், இறால் குழம்புக்கு நடுவில், மலை ஏறுவது தனக்கும் பழக்கம்தான் என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் என்னுடையது. வேல்ஸில் ஒரு மலையின் உச்சிவரை நான் போயிருந்தேன் என்பது உண்மை. அது கோடைகாலம், நான் போனது ரயிலில். அந்த ரயிலைப்பற்றி அன்று பேச்சு வரவில்லை.

"அப்ப மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவன்" என்றார் மாமா சேந்தனிடம்.

சேந்தன் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "ஓம், வரலாம்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிழல் விழுந்ததை இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அல்ப்ஸ் மலை என்னைப் பார்க்கக் காத்திருக்கிறது என்பதுதான்.

எந்த மலையில் ஏறப் போகிறோம் என்று கேட்டேன். இன்னும் தெரியாது என்றார். எந்தப் பள்ளத்தாக்கு என்று மட்டும்தான் இப்போது சொல்லலாமாம். மிச்சத்தை அங்கே போய், கடைசியாக எப்போது பனி கொட்டியது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, இரவில் எவ்வளவு குளிர்ந்தது, முதல்நாள் ஏறினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமாம். அதுவும் என்னைப்போல முதன்முதல் வருகிற ஆளோடு போகும்போது, நடுத்தரமான, நினைத்த இடத்தில் திரும்பக்கூடிய பாதையாக இருக்க வேண்டுமாம்.

எனக்கு இது மகா அசிரத்தையாகப் பட்டது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் விமானத்துக்குக் காசு கட்டுகிற மனிதரை நான் அன்றுதான் கண்டேன். நான் வேலை செய்வது ஒரு காப்புறுதி நிறுவனத்தில். ஆபத்துகளைக் கணக்கிட்டுச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். (இதை எழுதும்போது கை கூசுகிறது.) எனவே பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு, இணையத்தில் ஒரு வாரம் படங்கள் பார்த்து, ஒரு மலையைத் தெரிவு செய்தேன்.

அது அழகான மலை. இரண்டு கறுத்த பாறைச் சுவர்களுக்கு நடுவே, உச்சியிலிருந்து அடிவரை ஒரே வெள்ளைச் சரிவு. என் தர்க்கம் மிகத் தெளிவானது. பாறையில் விழுந்தால் எலும்பு முறியும், பனியில் விழுந்தால் முறியாது. ஆகவே பனி கூடின மலைதான் பாதுகாப்பான மலை. அத்தோடு அது வடக்கைப் பார்த்த சரிவு, வெயில் படாது, ஆகவே பனி உருகாமல் உறுதியாக இருக்கும். இதைப் பெண் வீட்டில் நான் விளக்கியபோது மாமா இரண்டு தடவை தலையாட்டினார். சேந்தன் மட்டும், "பாப்பம் மச்சான்" என்றார்.

அடுத்த கிழமை கோயிலில் அர்ச்சனை. அர்ச்சனைத் தட்டோடு மலையின் படமும் மாமியின் கைத்தொலைபேசியில் வரிசை முழுக்கச் சுற்றிவந்தது. "எங்கட மாப்பிள்ளை இந்த மலையில ஏறப் போறார்" என்றார் மாமி, அந்த மலையை நான் சீதனமாகக் கொண்டுவந்தது போல. பிரசாதம் வாங்க நின்ற ஒருவர் எனக்குக் கை கொடுத்தார். இனி அந்த மலையில் ஏறாமல் திரும்பினால் ரெய்னர்ஸ் லேனில் தலைகாட்ட முடியாது என்ற நிலைமையை, நானும் மாமியும் சேர்ந்து மிகச் சிறப்பாக உண்டாக்கி முடித்தோம்.

புறப்பட்ட அன்று மாமி எனக்குச் சிவப்பு நிறத்தில் தடித்த உள்காற்சட்டை ஒன்றும், ஒரு தகரப் பேணி நிறையப் பயற்றம் பணியாரமும் தந்தார். சேந்தனுக்குப் புத்திமதி தந்தார். என்ன புத்திமதி என்று எனக்கு அப்போது கேட்கவில்லை.

நாங்கள் இறங்கிய பள்ளத்தாக்கில் அதற்கு முந்திய இரண்டு நாளும் பேய்ப்பனி. அதோடு சேர்ந்து பெருங்காற்று. இப்போது வானம் கழுவித் துடைத்ததுபோல் நீலமாக இருந்தது. சேந்தன் முதல் இரண்டு நாளும் என்னை ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன மேட்டுக்குக் கூட்டிப்போய், சப்பாத்தில் இரும்பு முள்ளைப் பூட்டிக்கொண்டு நடக்கவும், பனிக்கோடரியைப் பிடிக்கவும் பழக்கினார். நான் என் முள்ளால் என் காற்சட்டையையே இரண்டு இடத்தில் கிழித்தேன். அவர் ஒரு முறைகூட எரிச்சல்படவில்லை. மாலையில் அறைக்கு வந்ததும் கைத்தொலைபேசியை எடுத்துவைத்துக்கொண்டு அந்தப் பிரதேசத்தின் பனிச்சரிவு அறிக்கையை வாசிப்பார். அதில் ஆபத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை அளவு கொடுத்திருப்பார்கள். இரண்டாம் நாள் மாலை மூன்று என்று போட்டிருந்தது.

மூன்று என்றதும் எனக்கு நிம்மதி. ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது. அறுபது என்பது எங்கள் ஊர்ப் பரீட்சையில் கிரெடிட் பாஸ். கிரெடிட் பாஸ் எடுத்த மலையில் ஏறுவதற்கு என்ன யோசனை என்று கேட்டேன்.

ஆட்கள் கூடுதலாகச் சாகிறது இந்த மூன்றில்தான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். நாலு, ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் நின்றுவிடுவார்கள்; மூன்று என்றால் ஏலும் என்று நினைத்து வெளிக்கிடுவார்களாம். காற்று அள்ளிக்கொண்டுபோன புதுப்பனி முழுவதும் வடக்குச் சரிவுகளில்தான் கொட்டுண்டு கிடக்கிறது. அது கீழே இருக்கிற பழைய பனியோடு ஒட்டவில்லை. "ஒட்டாத சட்டியில கிடக்கிற தோசை மாதிரி மச்சான். சரிச்சா முழுசா வழுக்கும்" என்றார். அதற்குப் பதிலாக, கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை முகடு இருக்கிறது, காற்று அதன் பனியையெல்லாம் ஊதித் துடைத்துவிட்டது, அளவான ஏற்றம், எந்த இடத்திலும் திரும்பலாம், நேற்று ஏறினவர்களும் நல்லது என்றே சொல்கிறார்கள், நாளைக்கு அதில் போவோம் என்றார்.

அந்த முகட்டை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரு கிழவரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் எனக்குக் கை கொடுத்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. நான் எழுந்து யன்னலுக்குப் பக்கத்தில் போய், மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். முறைப்பாடு செய்யவில்லை, சும்மா சுகம் விசாரித்தேன். கடைசியில், "மச்சானுக்கு அந்த மலை அவ்வளவு விருப்பமில்லைப் போல, பரவாயில்லை மாமி" என்று ஒரு பெருமூச்சு விட்டேன். மாமி தொலைபேசியைச் சேந்தனிடம் கொடுக்கச் சொன்னார். அறை சின்னது, மாமியின் குரல் பெரியது.

"மாப்பிள்ளையின்ர மனம் நோகாம நட தம்பி. புறப்படேக்கையும் உன்னட்டைச் சொன்னனான். ஆசைப்பட்டு வந்திருக்கிறார், கூட்டிக்கொண்டு போய்க் காட்டன்."

மாமிக்கு மலையைப்பற்றி என்ன தெரியும்? படத்தில் பார்த்தது மட்டும்தான். சேந்தன் அவருக்கு எதையும் விளக்கவில்லை. விளக்கினால் தாய் பயந்துபோய் அடுத்த வருடம் போகவே விடமாட்டார். "ஓம் அம்மா" என்றார். பிறகு என்னிடம், அடிவாரம் மட்டும் போய்க் கிட்ட நின்று பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்றார். நான் வென்றுவிட்டேன். அன்றிரவு மாமி தந்த பணியாரத்தில் நாலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் முதல் கேபிள் காரில் மேலே போய், பனியில் புதையாமலிருக்கக் காலில் அகலச் சட்டங்களைக் கட்டிக்கொண்டு நடந்தோம். நான்தான் முன்னுக்கு. எங்கேயும் மாப்பிள்ளை முன்னுக்குப் போவதுதானே முறை. அந்த மலை படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. சரிவுக்குக் கீழே ஒரு கிண்ணம்போல அகலமான வெளி. காற்றில்லை, ஒரு சத்தமில்லை. இவ்வளவு அமைதியான இடத்தில் என்ன ஆபத்து வரும் என்று நான் நினைத்த அந்த நேரத்தில்தான், காலுக்கடியில் 'வும்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் நின்ற வெளி முழுவதும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"பாத்தீங்களோ, பனி இறுகுது" என்றேன் நான், திரும்பிப் பார்க்காமல்.

சேந்தன், முக்கியமான ஒரு கொளுக்கியைக் கீழே அறையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டதாகவும், திரும்பிப் போய் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய குரல் வழமையைவிட மரியாதையாக இருந்தது. வெளிக்கிட்ட பயணம் திரும்பினால் சரிவராது என்பது எங்கள் ஆட்களுக்குப் பால்குடி வயதிலேயே ஊட்டி வைத்த விஷயம். அதனால் அவர் போய் எடுத்துக்கொண்டு வரட்டும், நான் ஆறுதலாக முன்னுக்கு நடக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன். சரிவு தொடங்கும் இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"நில்லுங்கோ."

அவர் கத்தவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. திரும்பினேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"நான் ஒண்டும் மறந்துவிடேல்லை மச்சான். பொய் சொன்னனான். அந்தச் சத்தம், அடியில பனி விட்டுப்போற சத்தம். எனக்குப் பயமா இருக்கு. இதுக்கு மேல நீங்கள் ஒரு அடி வைக்க நான் விடமாட்டன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"மாப்பிள்ளையின்ர மனம் நோகக்கூடாது எண்டவா அம்மா. நொந்தா நோகட்டும். நீங்கள் செத்தா நான் தங்கச்சியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? வாங்கோ கீழ."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது வேறு. "இதை நான் மாமாட்டைச் சொல்லுவன்" என்றேன். முப்பத்தொரு வயது. கையில் பனிக்கோடரி. காப்புறுதி நிறுவனத்தில் நல்ல உத்தியோகம். அல்ப்ஸ் மலையின் நடுவில் நின்றுகொண்டு, மாமாவிடம் சொல்லிக்கொடுப்பேன் என்றேன்.

அவர் என்னைக் கடந்துபோய், எனக்கும் சரிவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையிடம் ஒரேயொரு ஆயுதம்தான் உண்டு, சாப்பிடமாட்டேன் என்பது. அதைப் பிரயோகித்தேன். அவர் மத்தியானம் சூப் வாங்கிக் கொண்டுவந்து அறை வாசலில் வைத்தார். நான் தொடவில்லை. (மிச்சப் பணியாரம் என் பைக்குள் இருந்ததால் கொள்கையில் உறுதியாக நிற்க முடிந்தது.) பின்னேரம் போல வெளியே ஒரு நீண்ட இரைச்சல் கேட்டது. கவுன்சில்காரர் குப்பை அள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தாரணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எனக்கு நேர்ந்த அவமானத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். முடிந்ததும், "அண்ணா வேண்டாம் எண்டு சொன்னவரா?" என்று கேட்டாள்.

"ஓம். என்ர முகத்துக்கு நேர."

அவள் அழுகிறாள் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டேன். பிறகு அவள் சொன்னாள், "அண்ணா என்ர வாழ்க்கையில ஒருத்தருக்கும் வேண்டாம் எண்டு சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் இரண்டு பேரும் எங்க நிண்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அவர் சொன்னா, சொன்னதுதான். போய்ச் சாப்பிடுங்கோ."

அவள் வைத்த பிறகும் தொலைபேசியைக் காதில் பிடித்தபடி இருந்தேன். என் பக்கம் பேச ஒருவரும் இல்லாத முதல் நாள் அது.

மறுநாள் காலை சேந்தன் தேநீரோடு வந்து கதவைத் தட்டினார். நேற்று ஒன்றுமே நடக்காததுபோல, அந்த முகட்டுக்குப் போவோமா என்று கேட்டார். பெரிய மனதோடு மன்னித்து வருவதுபோல் நான் எழுந்து வந்தேன். இடுப்பில் கயிற்றைக் கட்டினார், முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். முகடு அவர் சொன்னதுபோலவே இருந்தது. பாறையில் முள் கிரீச்சிட்டது. கை வைக்க இடம் இருந்தது. கால் வைக்கவும் இடம் இருந்தது. இதற்குத்தானா இவ்வளவு கதை என்று மனதுக்குள் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு ஏறினேன். பாதி முகட்டில் ஒரு இடுக்கு வந்தது. அதில் நின்றால் எதிர்ப்பக்க மலை முழுவதும் தெரியும்.

சேந்தன் முதலில் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

என் வெள்ளைச் சரிவு அங்கே இல்லை. மேலே குறுக்காக, கத்தியால் வெட்டினதுபோல் ஒரு கோடு. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பழைய பனி. சரிவில் இருந்ததெல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் வந்து, வீடுகளை உடைத்துக் கொட்டினதுபோல் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலை நோக்கி எங்கள் இருவரின் காலடித் தடமும் போயிற்று. போய், அதற்குள் மறைந்தது. மறைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு தடம் வெளியே வந்தது. நாங்கள் நின்று சண்டை பிடித்த இடம் அந்தக் குவியலுக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

அவர் என் தோளில் கை வைத்து, போவோமா என்று கேட்டார். போகலாம் என்றுதான் நினைத்தேன். கால் வரவில்லை. நான் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. இரண்டு காலும் என்னுடையவை அல்ல என்பதுபோல் நின்றன. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்து, பாறையின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு, குதிரையில் இருப்பதுபோல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் ஏறுகிற முகடு அது. அதில் ஆம்பிளை நான் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் பாறைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சேந்தன் கயிற்றை இழுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பின்னால் இருந்துகொண்டு முதுகில் ஒரு கையை வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கிழவரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வழி மறித்துக்கொண்டிருந்தது நான். அவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். மன்னிப்புக் கேட்டபடி ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசியாகப் போன சின்னப் பெண்பிள்ளை நின்று, கையுறையைக் கழற்றி, பையிலிருந்த சொக்லேற்றைப் பாதியாக முறித்து என் வாயில் வைத்துவிட்டுப் போனாள். என் கை இரண்டும் பாறையில் இருந்தன அல்லவா.

பிறகு நாங்கள் இறங்கினோம். சேந்தன் இறங்கினார், நான் இருந்த இருப்பிலேயே அரக்கி அரக்கி வந்தேன். முகடு முடிந்தபோது என் காற்சட்டையின் பின்பக்கமும் முடிந்திருந்தது. மாமி தந்த சிவப்பு உள்காற்சட்டை, கேபிள் காரில் வந்த அத்தனை சனத்துக்கும் திருவிழாக் கொடிபோல் காட்சி தந்தது. எனக்கு வெட்கம் வரவில்லை. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு வெட்கம் எவ்வளவு சின்ன விஷயம் என்று கேபிள் காருக்குள் நின்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வழமைபோல் ரெய்னர்ஸ் லேனில் சாப்பாடு. மாமி பெரிய மீனாக வாங்கியிருந்தார். மலை எப்படி என்று மாமா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சேந்தன் முந்திக்கொண்டு, "நல்லா இருந்தது அப்பா. மச்சான் நல்லா ஏறினவர்" என்றார்.

அந்த மனிதர் இத்தனைக்குப் பிறகும் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து கையை எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். பகிடியாகச் சொல்லத்தான் தொடங்கினேன், சரிவு வந்த இடத்தில் பகிடி நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மாமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தார். முதலில் சேந்தனின் தலையைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். "நான் என்ர பிள்ளையிட்டை என்ன கேட்டிருக்கிறன்" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு அறிவெண்டு ஒண்டு இருக்குதோ? படிச்ச பிள்ளை எண்டுதானே என்ர பிள்ளையைத் தந்தனான். அவன் வேண்டாம் எண்டா கேக்கத் தெரியாதோ?"

பேச்சு நெடுநேரம் நடந்தது. அந்தப் பெருந்தெருவில் நான் தவறாகத் திரும்பியதுகூட அன்று வெளியே வந்தது. அடுப்பில் ஒன்றும் பொங்கி வழியவில்லை. தாரணி என் பக்கத்திலேயே இருந்து, மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். மாமி ஓய்ந்து சமையலறைக்குள் போனதும், மாமா தன் கையால் என் சாப்பாட்டுக் கோப்பையில் மீனின் வால் துண்டை வைத்தார். தலை சேந்தனுக்குப் போனது. "சாப்பிடும் தம்பி" என்றார் மாமா. அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அன்றோடு அந்த வீட்டில் என் மாப்பிள்ளை உத்தியோகம் போய்விட்டது. அது போனதற்கு நான் இன்றுவரை கவலைப்பட்டதில்லை. சேந்தனும் நானும் இப்போதும் குளிர்காலத்தில் போகிறோம். அறிக்கையை இருவரும் வாசிக்கிறோம். ஒரு வருடம் கிழமை முழுவதும் அறைக்குள் இருந்து சீட்டு விளையாடிவிட்டு, ஒரு மேட்டில்கூட ஏறாமல் திரும்பிவந்தோம். விமான நிலையத்தில் எங்களை ஏற்ற வந்த தாரணி, அதுதான் எங்கள் மிகச்சிறந்த பயணம் என்றாள்.

நடந்ததில் வீட்டுக்கு மிஞ்சியது ஒரு வசனம். யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது, மாமா என்றுதான் நினைக்கிறேன். நான் விரும்பிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை மாற்றும்போதும், என் யோசனையைத் தட்டிக்கழிக்கும்போதும், கடைசி மீன் துண்டை வேறு யாருக்காவது போடும்போதும், "நொந்தா நோகட்டும்" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

போன மாதம் எங்கள் மகளுக்கு ஐந்து வயது. கேக் வெட்டி முடிந்து, சனம் கலைந்த நேரம், தட்டில் ஒரேயொரு ரோல்ஸ் மிஞ்சியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் பாய்ந்து வந்து அதைப் பறித்து, மாமன்காரனின் மடியில் ஏறி இருந்துகொண்டு, "நொந்தா நோகட்டும்" என்று மழலையில் சொன்னாள். வீடு வெடித்துச் சிரித்தது. பனிவெளியில் அதை முதன்முதல் சொன்ன சேந்தன், அவளுடைய தலைக்கு மேலால் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அதைக் கழுவத் தொடங்கினேன்.